வாசலில் செருகாத வேப்பிலை

நீர்ப்பாறை எஸ்டேட்,
பீருமேடு வழி.
1937, சித்திரை 4

அன்புள்ள தங்கை ஆவுடைத்தாய்க்கு அக்காள் தங்கத்தாய் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் காசியும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் குழந்தை குழல்வாய்மொழியின் சுகமும் அறிய ஆவல்.

நாலு வருஷமாக உன்னை வா வா என்று எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இந்தத் தடவை நீ சாக்குச் சொல்ல முடியாது. இருபதாம் தேதி உன் அத்தான் ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி எடுக்கத் தோட்டத்து லாரியில் குமுளிக்கு வருகிறார். மாப்பிள்ளை உங்கள் இருவரையும் குமுளி வரை கொண்டுவந்து விட்டால் போதும். அதைத் தவறவிட்டால் இனி மழை கழிந்துதான் லாரி.

தென்காசியில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே விடிந்தால் கம்பளியை உதறி எழுந்திருக்க மனம் வராது. மலை முழுக்க ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட தேயிலை. யாரோ சீப்பு வைத்து வாரிவிட்டிருக்கிறார்கள் என்பாய் நீ.

கீழேயிருந்து வருகிறவர்களைத் தோட்டத்து வாசலில் ஒரு கொட்டகையில் பத்து நாள் இருத்திப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அம்மைப் பயம். துரைக்கு அதில் ரொம்பக் கண்டிப்பு. அதற்காக நீ பயப்பட வேண்டாம். சோதித்துப் புத்தகத்தில் எழுதுகிற ஆஸ்பத்திரி டிரஸ்ஸரே உன் அத்தான்தானே.

எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிற குருவம்மாள் நம் பக்கத்துக்காரி, திருவேங்கடம். அவளும் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டியும் ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்து இப்போது அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். நீ வருவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் மகள் பேச்சிக்கு நம் குழல்வாய் வயசுதான். விளையாட ஆள் இருக்கிறது.

வருகிற விவரத்தை உடனே எழுது. மாப்பிள்ளைக்கு எங்கள் நமஸ்காரம்.

அக்காள்,
தங்கத்தாய்


தென்காசி,
சித்திரை 14

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை ஆவுடை வணங்கி எழுதியது. உலகம்மை கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அங்கே அத்தான், காசி, உன் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

அக்கா, இருபதாம் தேதி குமுளியில் நிற்பேன். உன் கடிதம் வந்த அன்றே தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு ஷமீம் பானு தேயிலை வாங்கிவரச் சொல்லி ஒரு டப்பாவே கொடுத்திருக்கிறாள். எதிர் வீட்டுக்காரி மட்டும், பிள்ளையைக் குளிரில் கொண்டுபோகிறாயே என்றாள். உன் அத்தனை பெரிய வீட்டைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள்.

குழல்வாய்க்கு நாலு நாள் உடம்பு சுட்டது. வேனல்தான். இப்போது எழுந்து சாப்பிடுகிறாள். முதுகில் ஏழெட்டு வேனல் கட்டி. அதுவும் வாடி வருகிறது. இவர் செங்கோட்டை மரக்கிடங்கிலிருந்து பத்தொன்பதாம் தேதிக்கு முன் வர முடியாதாம். வந்ததும் கையோடு புறப்பட வேண்டியதுதான்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எழுதமாட்டாய். அதனால் நானே நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துவைத்துவிட்டேன்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். காசிக்கு முத்தம்.

உன் தங்கை,
ஆவுடைத்தாய்


தென்காசி,
வைகாசி 4

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை எழுதியது. பத்திரமாக வந்து சேர்ந்தோம். இங்கே சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா?

வந்து நாலு நாள் ஆகியும் எனக்கு இன்னும் இந்த வீடு வீடாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பச்சைதான். லாரியிலிருந்து இறங்கினதும் கொட்டகை வாசலில் அத்தான், "ஏ ஆவுடை, பத்து நாளு இங்கன கெடக்கியா, வீட்டுக்கு வாரியா?" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தில் எழுதி எங்களை உள்ளே அனுப்பினாரே, அதைத் தெருவில் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். எனக்காகச் சட்டத்தையே மடக்கிவைக்கிற அத்தான் என்று எல்லாருக்கும் ஆச்சரியம்.

கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக மலையேறியதும், காலையில் மூடுபனியில் நாங்கள் உன் வாசலையே காணாமல் தேடியதும் மறக்காது. குழல்வாய் பேச்சியைக் கேட்டுத் தினமும் அழுகிறாள். இரண்டும் ஒரே ஜமுக்காளத்தில் உருண்டு ஒரே போர்வையில் தூங்கினதுகள். புறப்படும்போது குழல்வாயின் ஊதாப் பாவாடையைப் பேச்சிக்குக் கொடுத்தேன். குருவம்மாளுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

ஒரு குறை. மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாததால் எழுதுகிறேன். மூன்றாம் நாளிலிருந்து காசியை எங்கள் பக்கமே நீ விடவில்லை. இருமல் என்று சொல்லிக் கம்பவுண்டர் வீட்டில் படுக்கவைத்தாய். அவன் இருமி நான் கேட்கவில்லை. மரக்கிடங்கு குமாஸ்தாவின் பிள்ளையோடு சேர்ந்தால் என்ன வந்துவிடும் அக்கா?

தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். அத்தானுக்கு நமஸ்காரம்.

ஆவுடை


நீர்ப்பாறை எஸ்டேட்,
வைகாசி 24

தங்கை ஆவுடைக்கு அக்காள் ஆசீர்வாதம். நானும் காசியும் சுகம். உன் அத்தானுக்குத் தூக்கமில்லை. அங்கே குழல்வாய் எப்படி இருக்கிறாள்?

இங்கே நிலைமை சரியில்லை. லயத்தில் பெரியம்மை கண்டிருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் வந்தால் அடுத்த வீட்டுக்குச் சுவர் ஒன்றுதான் தடை. முதலில் பேச்சிக்குத்தான் வந்தது. நீ போன ஐந்தாம் நாள் உடம்பு சுட்டது. மூன்று நாளில் முகம் தெரியாமல் போட்டுவிட்டது. போன தடவை அம்மை குத்த வந்தபோது காய்ச்சல் என்று அவளை மட்டும் விட்டுவிட்டார்களாம். பதினெட்டாம் தேதி போய்விட்டாள். நீ கொடுத்த பாவாடையைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தாள். அதோடேயே புதைத்தார்கள். நேற்று வரை இன்னும் நாலு பேருக்குக் கண்டிருக்கிறது.

குருவம்மாளை ஆஸ்பத்திரிப் பக்கம் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே நின்றேன்.

குழல்வாய் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. இரண்டு வரி போதும். காசியைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுதும் மனநிலையில் நான் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

தங்கத்தாய்


தென்காசி,
ஆனி 2

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை வணங்கி எழுதியது. குழல்வாய் நன்றாக இருக்கிறாள். நாங்களும் சுகம். உங்கள் மூவருக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று உலகம்மை சந்நிதியில் விளக்குப் போட்டேன்.

பேச்சியின் சேதி படித்து அன்று சோறு இறங்கவில்லை. குழல்வாயிடம் நான் சொல்லவில்லை. அவள் இன்னும் பேச்சி பேச்சி என்று பொம்மையோடு பேசுகிறாள்.

இந்த வருஷம் எல்லா ஊரிலும் அம்மை என்கிறார்கள். இங்கேயும் மேலத்தெருவில் இரண்டு வீட்டில் இருந்ததாம். நம் வீட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. குருவம்மாள் கொடைக்குப் போன சமயம் திருவேங்கடத்தில் இருந்ததா என்று அவளைக் கேட்டீர்களா? கொடை என்றால் நாலு ஊர்க் கூட்டம் சேரும். அங்கேயிருந்து வந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

ஆவுடைத்தாய்


நீர்ப்பாறை எஸ்டேட்,
ஆனி 20

தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே மூவரும் சுகம். மழை பிடித்துவிட்டது. லயத்தில் ஒன்பது நாளாகப் புதிதாக யாருக்கும் இல்லை. மொத்தம் ஏழு பேர் போனார்கள்.

நீ கேட்டதையேதான் டாக்டரும் குருவம்மாளிடம் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "எங்க தெருக்கோடியில ஒரு வீட்டுல இருந்துச்சுய்யா, நாங்க அந்தப் பக்கமே போவல" என்றாள். முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். கொட்டகையில் பத்து நாள் இருந்தார்களே என்று கங்காணி கேட்டதற்கு, நோயை மறைத்திருப்பார்கள் என்று பதில் வந்தது. போன வாரம் எல்லாரையும் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கூட்டிவைத்து, ஏழு சாவுக்கும் இவர்கள்தான் காரணம் என்று சொல்லி இருவரையும் தோட்டத்தைவிட்டு அனுப்பினார்கள். அவர்கள் இருந்த வீட்டுச் சாமானை வெளியே போட்டுக் கொளுத்தினார்கள்.

போவதற்கு முன் என் வாசலுக்கு வந்தாள். "பெரியாச்சி, நான்தான் எம் பிள்ளைக்கு இதக் கொண்டாந்தேனா? நீங்க ஆசுபத்திரி வீடு. நீங்க சொன்னா நம்புவேன்" என்றாள். நான் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

கொட்டகைப் புத்தகத்தை டாக்டர் வாங்கிப் பார்த்தார். சித்திரை இருபதில் உன் பெயரும் குழல்வாய் பெயரும் இருக்கிறது. 'சோதித்தது, குற்றமில்லை' என்று உன் அத்தான் கையெழுத்து. அதற்கு மேல் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

இனி அம்மையைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். கடிதங்கள் ஆபீஸ் வழியாக வருகின்றன.

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறதா?

தங்கத்தாய்


தென்காசி,
ஆடி 16

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை எழுதியது. உடம்புக்கு எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தைச் செங்கோட்டையில் மருந்து வாங்க வந்த உங்கள் கம்பவுண்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆபீஸ் வழியாக வராது. அதனால் பயப்படாமல் கடைசி வரை படி.

முந்தாநாள் இவரும் நானும் குழல்வாயும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். சாரல் நன்றாக விழுகிறது. கூட்டம் தாங்க முடியவில்லை. குளித்து வெளியே வந்தபோது கடை வரிசையில் ஒருத்தி பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். குழல்வாய்தான் முதலில் பார்த்தாள். கையை உதறிக்கொண்டு ஓடினாள். குருவம்மாள்.

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சீசன் முடிகிற வரை கடைக்காரன் வேலை கொடுத்திருக்கிறானாம். சங்கிலிப்பாண்டி திருவேங்கடத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறானாம். அவள் ஒன்றும் ஒளிக்கவில்லை.

"கொடைக்குப் போவணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன் ஆச்சி. அவுக வேண்டாம்னாக. பிள்ளைய நான்தான் கொன்னேன்னு அவுக அண்ணன் பொண்டாட்டி சொல்லுதா. அவுக ஒண்ணும் சொல்லல. அன்னையிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல" என்றாள்.

குழல்வாய் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் தன் முந்தானையை எடுத்து அவள் தலையைத் துவட்டி, சட்டையை அவிழ்த்து முதுகைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது. தழும்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"வேனலா ஆச்சி?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

நம்பிவிட்டாள் அக்கா. சுளை நாலு எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்றாள்.

அது வேனல் இல்லை. எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். மேலத்தெருவில் இருந்ததென்று எழுதினேனே, அது பொய். எங்கள் தெருவில்தான் இருந்தது. அடுத்தது நம் வீடு. கைக்குழந்தையிலேயே அம்மை குத்தியிருந்ததால் குழல்வாய்க்குக் கொஞ்சமாகத்தான் போட்டது. வீட்டில் அம்மை என்றால் வாசலில் வேப்பிலை செருகுவோமே, அதைச் செய்தால் ஊருக்குத் தெரியும், பயணம் நின்றுவிடும் என்று வேப்பிலையை அடுக்களைக்குள் கட்டித் தொங்கவிட்டேன். அம்மை இறங்கியபின் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஒரு தண்ணீர் ஊற்றிப் புறப்பட்டுவிட்டேன். பொருக்கு உதிரவில்லை. இவருக்கும் வேனல் என்றுதான் சொன்னேன். எல்லாரிடமும் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், இனி எப்படிப் போகாமல் இருப்பது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஏழு பேர். அதோடு திருவேங்கடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று உனக்கு எழுதியதும் நான்தான்.

நான் குருவம்மாளிடம் சொல்ல வேண்டும். உன்னிடம் கேட்காமல் சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தில் இருப்பது அத்தான் கையெழுத்து. என்ன செய்யட்டும்?

உன் தங்கை என்று எழுதக் கை கூசுகிறது.

ஆவுடை


தென்காசி,
ஆவணி 20

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை வணக்கம். இங்கே சுகம். அங்கே எப்படி?

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகக் கம்பவுண்டர் சொல்லியனுப்பினார். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. அத்தான் கோபமாக இருந்தால் அதையாவது எழுது.

சீசன் முடிந்தது. ஐந்தருவியில் கடைகளைப் பிரித்துவிட்டார்கள். குருவம்மாள் ஊருக்குப் போய்விட்டாள்.

ஆவுடை


நீர்ப்பாறை எஸ்டேட்,
புரட்டாசி 9

ஆவுடைக்கு அக்காள் எழுதுவது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால் மறுநாளே பதில் வந்திருக்கும். கோபப்பட எனக்கு வழியில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

நீ வந்த மூன்றாம் நாள் காலையில் நீ அருகில் இருந்த கோயிலுக்குப் போயிருந்தாய். நான் குழல்வாய்க்கு எண்ணெய் தேய்த்தேன். முதுகில் பதினொன்று இருந்தன. உதிராத பொருக்கு. எட்டு வருஷம் டிரஸ்ஸர் வீட்டில் இருக்கிறேன். பொருக்கைப் பார்த்து என்னவென்று தெரியாதா? தெரிந்தது. அன்று மாலையே காசியைக் கம்பவுண்டர் வீட்டில் விட்டேன். மறுநாள், மழைக்காலம் வருகிறது என்று சொல்லி உன் அத்தானை அவனுக்கு இன்னொரு தடவை அம்மை குத்தச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. குத்திவிட்டார்.

என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டேன் ஆவுடை. பேச்சி தினமும் வந்தாள். குழல்வாயோடு அதே ஜமுக்காளத்தில் படுத்தாள். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை அழைத்துவராதே என்று குருவம்மாளிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் லயத்துக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், உங்களைக் கொட்டகைக்கு அனுப்புவார்கள், இவர் வேலை போகும். இப்படியெல்லாம் யோசித்தேன் என்று உனக்கு எழுதலாம். உண்மையில் இன்னொன்றும் யோசித்தேன். பிள்ளையை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. அவள் வராவிட்டால் மிச்ச நாளெல்லாம் நான்தான் கீழே இறங்கித் தண்ணீர் சுமக்க வேண்டும். வந்த தங்கைக்கு முன்னால் குடம் தூக்குவதா என்றிருந்தது.

உனக்காவது போக வேண்டும் என்ற ஆசை. உன் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாய். எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது.

அவளிடம் சொல்லாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சொல் என்று எழுதவும் தைரியம் வரவில்லை. நீ உன் விருப்பம்போல் செய்.

தங்கத்தாய்


தென்காசி,
ஐப்பசி 14

அன்புள்ள அக்காவுக்கு ஆவுடை எழுதியது. குழல்வாய்க்கு இரண்டு நாள் சளி. இப்போது சுகம். காசி எப்படி இருக்கிறான்?

முதலில் இவரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "கெளம்பு, நானும் வாரேன்" என்றார். சங்கரன்கோவில் வரை ரயில், அங்கேயிருந்து திருவேங்கடத்துக்குப் பஸ். மழை இல்லாத கரிசல். பருத்தி முழங்கால் அளவுகூட வளரவில்லை.

சங்கிலிப்பாண்டி காட்டுக்குப் போயிருந்தான். குருவம்மாள் தனியாக இருந்தாள். பாய் விரித்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றபடியே சொன்னேன். காய்ச்சல் வந்த நாளிலிருந்து, வேப்பிலையை அடுக்களையில் கட்டியது, ஒரு தண்ணீர் ஊற்றியது, பாவாடை, ஐந்தருவியில் "ஆமா" என்றது வரை எல்லாம். இவர் வெளியே வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்து நின்றார்.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஐந்தருவியில் அந்தத் தழும்புகளைத் தடவிய தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"பெரியாச்சிக்குத் தெரியுமா?"

இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய் அங்கே வரவில்லை. தெரியும் என்றும் நான் சொல்லலாமா? அது என் வாயால் சொல்ல வேண்டியது இல்லை.

"அத அக்காதான் சொல்லணும் குருவம்மா" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பிள்ளை செத்ததைவிட அதைக் கேட்டு அவள் முகம் மாறியதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று எழுதினால் தப்பாக இருக்கும். என் பிள்ளை சாகவில்லை, அவள் பிள்ளைதானே செத்தது. பார், வார்த்தைகூட எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது. அவள் உன்னை அத்தனை நம்பியிருந்தாள் அக்கா.

"சரி, நீங்க போங்க. அவுக வந்தாகன்னா நிக்காதீக" என்றாள். வந்துவிட்டோம். அவனிடம் அவளே சொன்னாளா, சொன்னால் நம்புவானா, எனக்குத் தெரியாது.

அத்தானிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல். கோபித்தாலும் நியாயம்தான்.

ஆவுடை


சங்கரன்கோவில் ஸ்டேஷன்,
கார்த்திகை 22

ஆவுடைக்கு அக்காள் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உன் வீட்டுக்கு வந்தே சொல்லலாம். உன் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இங்கேயே எழுதித் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன். நான் வந்தபின் இதைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீ குத்தச் சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் டாக்டரிடம் போய்க் கொட்டகைப் புத்தகத்தை மேஜையில் வைத்து, சித்திரை இருபதாம் தேதி தான் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாவூர்சத்திரத்தில் ஒரு டாக்டரிடம் கட்டுப் போடுகிற வேலைக்குக் கேட்டிருக்கிறார். கங்காணியை மட்டும் கூப்பிட்டு, சங்கிலிப்பாண்டி மேல் தப்பில்லை, வேண்டுமானால் திரும்பி வரட்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவர்களைத் துரத்தியபோது பிரட்டுக்களத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். இதற்கு யாரையும் கூட்டவில்லை.

குருவம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதி உன்னிடம் அனுப்பினால் நீ போய்ப் படித்துக் காட்டிவிடுவாய். இரண்டு தடவை எழுதினேன். நன்றாகவே எழுத வந்தது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். நானே போனேன்.

மத்தியானம். இருவரும் வீட்டில் இருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியும் இருந்தாள். நான் வாசலில் நின்று, "குருவம்மா, எனக்குத் தெரியும். மூணாம் நாளே தெரியும். எம் பிள்ளைய ஒதுக்கி வச்சேன், ஒம் பிள்ளைய விட்டுட்டேன்" என்றேன். வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

அவள் எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்தாள். மன்னிக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். என்னை உள்ளே இழுத்துப் போய்ச் சங்கிலிப்பாண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. அவுக காது கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பிறகு அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிறகு என்னைத் தெருவுக்குக் கூட்டிவந்து, பருத்திக்குக் களை எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களை நிறுத்தி, அவர்களிடமும் சொல்லச் சொன்னாள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். யார் இந்த அம்மா என்று ஒருத்தி கேட்டாள். அவர்களிடமும் சொன்னேன் ஆவுடை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே இருந்தது.

எல்லாம் முடிந்ததும் குருவம்மாள் கையை விட்டாள். "எனக்கு இது போதும். இனி நீங்களும் வராண்டாம், ஒங்க தங்கச்சியும் வராண்டாம். தோட்டத்துக்கும் நாங்க வரல" என்றாள். நான் கொண்டுபோயிருந்த தேயிலைப் பொட்டலத்தை வெளியே எடுக்கவே இல்லை.

அவள் வீட்டுக்குள் போனாள். நான் தெருவைக் கடந்து ரோட்டுக்குத் திரும்பும்போது பின்னால், இத்தனை மாதம் அவளோடு பேசாதிருந்த சங்கிலிப்பாண்டியின் குரல் கேட்டது.

"ஏட்டி குருவு, கொஞ்சம் தண்ணி கொண்டா."

அவள் கொண்டுபோய்க் கொடுத்தாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

தங்கத்தாய்